மிளகாயின் சிவப்பும் மடிக்கணினியும்

காட்சித் தொடர்பியல் பயில்வோர் மட்டுமல்லர்; தமிழ் இலக்கியம் பயிலும் மாணவரும் இன்று காமிராவைத் தூக்கிக்கொண்டு கோயில் கொடைகளுக்குச் செல்கின்றனர். கணியான் கூத்தையும் வில்லிசையையும் விடிய விடியப் படம் பிடிக்கின்றனர். நா. வானமாமலை தொகுத்த கதைப்பாடல்களை மதுரைப் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்தில் அச்சேற்றியது. அவற்றுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. எனினும் மகுடத்தின் அதிர்வையும் ஆடுபவரின் கால்வீச்சையும் அச்சு எவ்வாறு தாங்கும்? ஆகவே இம்மாற்றத்தை மனமார வரவேற்கிறோம்.

சிக்கல் பிடித்த படத்தைத் தொகுக்க உட்காரும்போது தொடங்குகிறது. எந்த மடிக்கணினி வாங்குவது என்று கேட்டால், விசைப்பலகையில் ஏழு நிறமும் மின்னும் விளையாட்டுக் கணினி ஒன்றைக் கடைக்காரர் எடுத்து வைக்கிறார். விலை லட்சத்தைத் தொடுகிறது. சங்கரன்கோவில் போன்ற ஊரில் தறிக்கூலியிலும் பூ வியாபாரத்திலும் நாளைக் கடத்தும் குடும்பம் மாதத் தவணைக்குக் கையெழுத்திடுகிறது. நம்மைக் கேட்டால், அப்பணத்தில் பெரும்பகுதி தவறான இடத்தில் செலவாகிறது என்போம். முதலில் பார்க்கவேண்டியது திரை, அடுத்தது சேமிப்பு. கிராஃபிக்ஸ் அட்டையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நம்மூர் ஆடித்தபசையே எடுத்துக்கொள்வோம். கோமதியம்மனின் தவத்துக்கு இரங்கிச் சுவாமி மாலையில் சங்கரநாராயணராகக் காட்சி தருகிறார். இரவில் சங்கரலிங்கமாக மீண்டும் வருகிறார். விவசாயிகள் தம் நிலத்தில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வற்றலையும் சூறை விடுகின்றனர். மங்கும் வெயில், தெருவிளக்கு, வெண்பஞ்சு, செவ்வற்றல் எல்லாம் ஒரே சட்டகத்தில் வந்து விழுகின்றன. நிறத்தைச் செப்பனிடுவோருக்கு இதைவிடக் கடினமான தேர்வு இல்லை.

குறைந்த விலை மடிக்கணினிகள் பலவற்றின் திரை 45 சதவீத என்டிஎஸ்சி என்று குறிக்கப்படும் வகையைச் சேர்ந்தது. இணையத்துக்கும் கைபேசிக்கும் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் அது காட்டும். அதில் வற்றலின் சிவப்பு செங்கல் நிறமாகச் சோர்ந்து தெரிகிறது. மாணவர் சிவப்பைக் கூட்டுகிறார். இன்னும் சற்றுக் கூட்டுகிறார். முடிந்த படத்தை நல்ல கைபேசியில் பார்க்கும்போது தெரு முழுதும் தீப்பற்றியதுபோல் இருக்கிறது. அம்மன் முகத்து மஞ்சளும் ஆரஞ்சாகிவிடுகிறது. திருமண ஆல்பங்களில் மணமக்கள் முகம் குங்குமம் பூசியதுபோல் அச்சாகி வருவதற்கும் பல வேளைகளில் இதுவே காரணம். விளையாட்டுக் கணினிகளிலும் விலை குறைந்தவற்றில் இத்திரையே பொருத்தப்பட்டிருக்கக் காணலாம். வேகமான சில்லை வைத்துக்கொண்டு தவறான நிறத்தை வேகமாகச் செய்து முடிக்கலாம், அவ்வளவே! வாங்குமுன் ஐபிஎஸ் திரையா, எஸ்ஆர்ஜிபி 100 சதவீதமா என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் மாதிரி எண்ணைக் குறித்துவந்து தயாரிப்பாளரின் விவரத்தாளைப் பாருங்கள்.

சேமிப்பைப் பற்றி ஒரு கணக்கு. 4கே காணொலியை வினாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிந்தால் மணிக்கு 45 ஜிபி ஆகும். மூன்று மணி நேர வில்லிசைக்கு 135 ஜிபி. இரண்டு காமிரா வைத்தால் 270. கணினியின் 256 ஜிபி எஸ்எஸ்டி ஒரே இரவில் நிரம்பிவிடும். பிறகு என்ன நடக்கிறது? தொகுத்த பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டு மூலப்பதிவை அழிக்கிறார்கள். ஆய்வாளனுக்கு வேண்டியதோ அந்த மூன்று மணி நேரம். முதிய புலவர் ஒருவர் பாடியது அவரோடு போய்விட்ட பின் அந்தப் பத்து நிமிடம் எதற்குப் பயன்படும்? ஆகவே கணினியின் விலையைக் குறைத்தாவது இரண்டு புற வன்தட்டுகள் வாங்கவேண்டும். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்தலாகாது.

கணினியின் விலையைக் குறைக்க இயலுமா? இயலும். தமிழக அரசு 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் இருந்தன. அது கைக்கு வந்தவர் இன்னொன்றுக்குத் தவணை கட்டத்தான் வேண்டுமா? கேடென்லைவ் என்னும் கட்டற்ற மென்பொருளில் 'புராக்சி' என்றொரு வசதி உண்டு. மூலக்காட்சிகளுக்குச் சிறிய படிகளை உருவாக்கி, அவற்றை வைத்தே வெட்டியும் ஒட்டியும் வேலை செய்யலாம். இறுதியில் மென்பொருள் மூலத்திலிருந்து முழுத்தரப் படத்தை ஆக்கித்தரும். அதற்கு இரவு முழுதும் ஆகலாம். ஆகட்டுமே, நாம் தூங்குகையில் அது ஓடிக்கொண்டிருக்கும். திரையின் குறைக்கு எஸ்ஆர்ஜிபி முழுதும் காட்டும் தனித்திரை ஒன்றைத் துறையில் வாங்கி வைத்தால் போதும். பத்தாயிரம் ரூபாய் அளவிலேயே கிடைத்துவந்திருக்கிறது. நிறச்செப்பம் செய்யும் நாளில் மட்டும் மாணவர் தம் கணினியை அதில் இணைத்துக்கொள்ளலாம்.

புதிதாக வாங்கியே தீரவேண்டியவர்க்கு 16 ஜிபி நினைவகம் தேவை. 2025 இறுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை ஏறியிருப்பதால், பின்னர் கூட்டிக்கொள்ளும் வசதியுள்ள மாதிரியா, பலகையோடு பற்றவைத்ததா என்பதைப் பார்த்துக்கொள்வது நலம். மேக்புக் ஏரின் அடிப்படை நினைவகத்தை ஆப்பிள் 2024 அக்டோபரில் 16 ஜிபி ஆக்கியது. அதன் திரையைக் குறைசொல்வதற்கில்லை; ஆனால் வாங்கிய பின் அதில் நினைவகத்தையோ சேமிப்பையோ கூட்ட முடியாது. நாள்தோறும் திருமணப் படம் தொகுத்துப் பிழைக்கும் ஸ்டூடியோக்காரருக்கு நம் வாதம் பொருந்தாது. அவருக்கு நேரமே கூலி. கிராஃபிக்ஸ் அட்டைக்குக் கொடுத்த பணத்தை ஒரே முகூர்த்தக் காலத்தில் எடுத்துவிடுவார்.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய பழைய திட்டத்தின் கணினிகள் இன்னும் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. காணொலி தொகுக்க அவற்றால் ஆகாது. ஆனால் லினக்ஸ் நிறுவிய ஒன்றைக் கொடைக்கு எடுத்துச் செல்லலாம். வினாடிக்கு 30 மெகாபைட் என்ற மெதுவான வேகத்தில் படியெடுத்தாலும் ஒரு மணி நேரப் பதிவு 25 நிமிடத்தில் வன்தட்டில் ஏறிவிடும். ஒருவர் படம் பிடிக்க, இன்னொருவர் நிறைந்த அட்டைகளைக் கோயிலின் பின்புறம் அமர்ந்து இரண்டு தட்டுகளிலும் ஏற்றிக்கொண்டிருந்தால், கணியான் மகுடத்தை உறையிலிடும்போது நம் வேலையும் முடிந்திருக்கும்.