மாலை வெயிலில் ஒரு சரக்கு இரயில்



இரயில்வே கேட் மூடிக்கிடக்கும்போது, நீண்ட சரக்கு இரயில் ஒன்று மெல்லக் கடந்து செல்வதைக் கண்டு சலித்துக்கொள்ளாதவர் நம்மில் யார்? சிறு வயதில் அதன் பெட்டிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணி மகிழ்ந்த நாமே, பிழைப்புக்காகப் பெருநகரத்திற்கு வந்தபின் கைக்கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுக்கிறோம். ஆனால் ஒரு சரக்கு இரயில் வராதா என்று மணிக்கணக்காய் வயல்வெளியில் காத்து நிற்கிறவர்களும் இவ்வுலகில் உண்டு. அவர்கள் கையில் இருப்பது கேமரா. அவர்கள் நிற்கும் இடம் கனடா நாட்டின் பிரெய்ரி சமவெளி. அவர்கள் நாடுவது கோடை மாலையின் பொன்னொளி. இம்மாதம் அவர்களோடுகூட நாமும் சற்று நேரம் நின்று பார்ப்போம்.

மனிடோபா, சஸ்காட்செவான், ஆல்பர்ட்டா ஆகிய மூன்று மாகாணங்களின் தென்பகுதியில் பரந்து கிடப்பதே பிரெய்ரி. ஒரு காலத்தில் புல்வெளியாய் இருந்த நிலம் இன்று கோதுமையும் கனோலாவும் பருப்பும் விளையும் வயல்வெளி. கனடாவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த இருப்புப்பாதையின் கடைசி ஆணி 1885 நவம்பர் 7 அன்று மேற்கு மலைப்பகுதியில் அறையப்பட்டது. அதே பாதைதான் சமவெளியில் ரெஜைனா, மூஸ் ஜா, ஸ்விஃப்ட் கரன்ட் ஆகிய ஊர்களின் வழியே செல்கிறது. அதை அமைத்த கனடியன் பசிபிக் நிறுவனம் 2023-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி சதர்ன் நிறுவனத்தோடு இணைந்து, இன்று சி.பி.கே.சி. என்று அழைக்கப்படுகிறது. 1990-ஆம் ஆண்டு நாடு கடக்கும் பயணிகள் இரயில் வடக்கேயுள்ள வேறு தடத்திற்கு மாற்றப்பட்டது. அன்றுமுதல் இத்தடம் சரக்கு இரயில்களின் பாதையாயிற்று.

1. ஒளியை அறிதல்

தென்னிந்தியாவில் வளர்ந்த நமக்கு மாலை என்பது விரைந்து மறையும் ஒன்று. ஜூன் மாதக் கடைசியில், சென்னையில் சூரியன் அடிவானத்திற்கு ஆறு டிகிரி மேலே நிற்கும் வேளைமுதல் மறையும்வரை ஏறக்குறைய 27 நிமிடங்களே ஆகின்றன. ரெஜைனாவிலோ அதே இறக்கத்திற்கு ஏறக்குறைய 45 நிமிடங்கள் ஆகின்றன. காரணம் என்ன? வடக்கே செல்லச் செல்ல, சூரியன் செங்குத்தாக இறங்காமல் சரிவான பாதையில் இறங்குகிறது. ஆகவே பொன்னொளியும் நீடிக்கிறது. அங்கே ஜூன் மாதத்தில் சூரியன் மறைவது இரவு ஒன்பது மணிக்குப் பிறகே.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோடையில் அங்கே சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை, வடமேற்கில் மறைகிறது. ரெஜைனாவில் ஜூன் மாதத்தில் மாலை ஐந்தரை மணியளவில் அது மேற்கைக் கடந்து வடக்கே சாயத் தொடங்குகிறது. அப்போது கிழக்கு மேற்காக ஓடும் தண்டவாளத்தின் வடபுறத்தில் வெயில் விழுகிறது. குளிர்காலம் முழுவதும் தென்புறத்தில் நின்று படமெடுத்தவர், கோடை மாலைகளில் வடபுறத்திற்கு மாறி நிற்கிறார். மேற்கு நோக்கி வரும் இரயிலானால் இன்ஜினின் முகமும் பக்கமும் ஒருங்கே ஒளிரும். கிழக்கு நோக்கிச் செல்லும் இரயிலானால் முகம் நிழலில் ஆழ்ந்துவிடும். எங்கே நிற்க வேண்டும் என்பதை அறியாதவனுக்கு விலையுயர்ந்த கேமராவும் பயன்படாது.

நண்பகல் வெயில் உச்சியிலிருந்து விழுவதால், பெட்டிகளின் கீழ்ப்பகுதி கருநிழலாய்த் தோன்றும். மாலை வெயிலோ தாழ்வாய் வந்து சக்கரங்களையும் ஏணிப்படிகளையும் துருவையும் தூசியையும் தொடுகிறது. கிழக்கே இடிமேகம் கறுத்து நிற்க, மேற்கே மேகம் விலகி வெயில் விழுமானால், கறுத்த வானத்திற்கு முன்னே இரயில் தீப்பற்றியதுபோல் ஒளிரும். படக்காரர்கள் ஏங்கும் காட்சி அதுவே. ஆனால் எல்லாச் செவ்வொளியும் மகிழ்ச்சிக்குரியதல்ல. கனடாவில் வரலாறு காணாத காட்டுத்தீ பரவிய 2023-ஆம் ஆண்டுக் கோடையில், புகையினாலும் சூரியன் சிவந்தது. யாரோ வீட்டைவிட்டு ஓடிய நாளின் நிறமும் அந்தப் படங்களில் இருக்கிறது.

2. காத்திருத்தல்

சரக்கு இரயிலுக்குப் பொதுமக்கள் பார்க்கும் கால அட்டவணை கிடையாது. எப்போது வரும், எத்திசையில் வரும் என்று சொல்லுவார் இல்லை. கொசுக்கடியைச் சகித்துக்கொண்டு நிற்க வேண்டும். நிலம் தட்டையாய் இருப்பதால், முகப்பு விளக்கு பல கிலோமீட்டருக்கு அப்பாலேயே ஒரு புள்ளியாய்த் தெரியும். பின்பு ஊதல் ஒலி: இரண்டு நீளம், ஒன்று குறில், மறுபடியும் ஒன்று நீளம். லெவல் கிராசிங்கை நெருங்குகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இரயில் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. கேமராவின் ஷட்டர் ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு திறந்திருந்தால், அதற்குள் இன்ஜின் ஒரு முழத்திற்குச் சற்றுக் குறைவாய் நகர்ந்துவிடும், படம் கலங்கிப்போகும். ஐந்நூற்றில் ஒரு பங்கு என்று வைத்தால் நகர்வது நான்கு சென்டிமீட்டரே. மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் கடந்துபோக இரண்டே கால் நிமிடம் ஆகும். ஆனால் இன்ஜின் சரியான இடத்தில் இருப்பதோ ஒரு நொடிதான். அந்த நொடியில் ஒரு சிறு மேகம் சூரியனை மறைத்தால், அன்றைய மாலை முழுவதும் வெறுமையே.

அமெரிக்காவில் வின்ஸ்டன் லிங்க் என்னும் புகைப்படக் கலைஞர் வேறொரு வழியைக் கண்டார். 1955 முதல் 1960 வரை வர்ஜீனியா பகுதியில் நீராவி இரயில்களை இரவிலே, தாமே அமைத்த ஃபிளாஷ் விளக்குகளின் ஒளியில் படமெடுத்தார். ஒளி அவர் கட்டுப்பாட்டில் இருந்தது. பிரெய்ரியில் மாலை வெயிலை நம்பி நிற்பவருக்கு அந்த அதிகாரம் இல்லை. அவர் செய்யக்கூடியது ஒன்றே: ஆயத்தமாய் இருப்பது.

3. சுமையைக் காணுதல்

இவ்வளவு காத்திருந்து அவர்கள் படமெடுப்பது எதை? அந்தப் பெட்டிகளில் என்ன இருக்கிறது? கோதுமை இருக்கிறது. பொட்டாஷ் உரம் இருக்கிறது. பருப்பும் பட்டாணியும் இருக்கின்றன. கனடாவின் மசூர் பருப்பில் பெரும்பகுதி சஸ்காட்செவானில் விளைகிறது. அதை வாங்கும் பெரிய நாடுகளில் நம் இந்தியாவும் ஒன்று. நம் வீட்டுக் குழம்பில் வெந்த பருப்பு ஒருவேளை அந்த மாலை வெயிலில், வான்கூவர் துறைமுகத்தை நோக்கி, யாரோ ஒருவருடைய கேமராவைக் கடந்து வந்திருக்கலாம்!

இருப்புப்பாதை ஓரங்களில் உயர்ந்து நின்ற மரத் தானியக் களஞ்சியங்களையும் இப்படங்களில் காணலாம். 1930-களில் இவை ஐயாயிரத்திற்கும் மேல் இருந்தன. 1897-இல் ஏற்பட்ட ஓர் ஒப்பந்தத்தால் தானியத்திற்குக் கிடைத்த குறைந்த இரயில் கட்டணம் 1995-இல் முடிவுக்கு வந்தது. கிளைப்பாதைகள் மூடப்பட்டன; களஞ்சியங்கள் இடிக்கப்பட்டன; அவற்றைச் சுற்றியிருந்த சிற்றூர்கள் மெலிந்துபோயின. மனிடோபாவிலுள்ள இங்லிஸ் என்னும் ஊரில் ஒரு வரிசை மாத்திரம் தேசிய வரலாற்றுச் சின்னமாய்க் காக்கப்படுகிறது. பல ஊர்களுக்கோ, யாரோ ஒரு மாலையில் நின்று எடுத்த படமே எஞ்சியிருக்கும் சாட்சி.

எண்ணெய் டாங்கர்களும் அதே ஒளியில் அழகாய்த்தான் தோன்றுகின்றன. ஆனால் 2013 ஜூலை 6 அன்று, வடக்கு டக்கோட்டா சமவெளியில் எடுக்கப்பட்ட எண்ணெயைச் சுமந்த 72 டாங்கர்களோடு நிறுத்தப்பட்டிருந்த ஓர் இரயில் தானாக உருண்டோடி, கியூபெக் மாகாணத்தின் லாக்-மெகான்டிக் ஊருக்குள் தடம் புரண்டு எரிந்தது. 47 பேர் உயிரிழந்தார்கள். போதிய கைப்பிரேக்குகள் போடப்படாததும் காரணங்களில் ஒன்றாய் விசாரணையில் வெளிப்பட்டது. கண்ணுக்கு அழகானதன் உள்ளே இருக்கும் சுமையை மறந்துவிடக் கூடாது.

4. எட்ட நிற்றல்

இது நம் பிள்ளைகளுக்காக. கனடாவில் பழகிய இரயில் படக்காரர்கள் தண்டவாளத்தின்மேல் ஏறுவதில்லை. பொதுச் சாலையில், இருப்புப்பாதையின் எல்லைக்கு வெளியே, நீண்ட லென்ஸோடு நிற்கிறார்கள். வேகமாய் வரும் சரக்கு இரயில் நிற்பதற்கு இரண்டு கிலோமீட்டர் வரைகூட ஆகலாம். இரயிலின் உடல் தண்டவாளத்திற்கு வெளியே இருபுறமும் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். நேரே வரும் இரயிலின் தூரத்தையும் வேகத்தையும் கண் சரியாய்க் கணிப்பதில்லை. டிரைவர் உங்களைக் கண்டாலும் அவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு; நடப்பதைக் கண்ணால் கண்டு, அதை வாழ்நாள் முழுவதும் சுமப்பவரும் அவரே.

நம் நகரங்களில் செல்ஃபிக்காகத் தண்டவாளத்தில் நின்ற வாலிபர்கள் மடிந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அத்துமீறி இரயில் பாதையில் நுழைவது 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். படக்கலையின் கணக்கும் இதையே சொல்லுகிறது: அருகே நின்றால் இன்ஜினின் முகம் மாத்திரமே கிடைக்கும். எட்ட நின்றால் வயலும் வானமும் மூன்று கிலோமீட்டர் நீள இரயிலும் சேர்ந்து கிடைக்கும். உயிரைக் காக்கும் அதே இடைவெளிதான் படத்தையும் படமாக்குகிறது.

அன்பானவர்களே, அடுத்த முறை இரயில்வே கேட் மூடும்போது குனிந்து நுழைய வேண்டாம். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். பெட்டிகளை எண்ணச் சொல்லுங்கள். அதில் யாருடைய உழைப்பு போகிறது, யாருடைய வீட்டு அடுப்புக்குப் போகிறது என்று பேசுங்கள். மாலை வெயில் இருந்தால், நின்ற இடத்திலிருந்தே ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்தில் கேட் திறந்துவிடும். வீட்டுக்குப் பத்திரமாய்ப் போய்ச் சேரலாம்.