தேடலுக்கும் கூலி உண்டு

பழுதை நீக்குபவருக்குக் கூலி கொடுக்க நாம் தயங்குவதில்லை. பழுது எங்கே என்று தேடிக் கண்டவருக்குக் கொடுக்கத்தான் மனம் வருவதில்லை. தேடும் நேரத்தை வீண்நேரமாகவே எண்ணிப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் எவ்வளவு பெரிய ஆபத்தின் வாசல்வரை கொண்டுபோய் விடும் என்பதைச் சென்ற ஐப்பசி மழையில் நம் வீட்டு மின்சாரம் கற்பித்தது.

மயிலாடுதுறைப் பக்கம் அடைமழை பிடித்தால் சுவர்களும் ஊறிப்போகும். அப்படியொரு மாலையில் தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் வீடு முழுவதும் இருண்டது. டி.பி. பாக்ஸில் இருக்கும் ஆர்.சி.சி.பி., பேச்சு வழக்கில் 'டிரிப்பர்', கீழே விழுந்திருந்தது. தூக்கிவிட்டோம், விளக்கு எரிந்தது. மறுபடி மோட்டாரைப் போட்டோம், மறுபடி விழுந்தது. குற்றவாளி அகப்பட்டான் என்று முடிவு கட்டி மோட்டாரைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பினோம். இரண்டு நாள் கழித்து, காயிலில் ஒரு குறையும் இல்லை என்ற தீர்ப்போடு அது திரும்பி வந்தது. அதற்குள் அயர்ன் பாக்ஸைப் போட்டாலும் டிரிப்பர் விழத் தொடங்கியிருந்தது.

அழைத்து வந்த இளைஞர் ஐந்து நிமிடம் பார்த்தார். "டிரிப்பர்தான் சார் வீக்கா இருக்கு. அதை எடுத்துட்டு டைரக்டா குடுத்துடுறேன், தொந்தரவே இருக்காது" என்றார். மேசைமேல் விடைத்தாள் கட்டு காத்திருந்தது. 'சரி' என்ற சொல் நம் நாவின் நுனிக்கு வந்துவிட்டது. உள்ளிருந்து மனைவியின் குரல் தடுத்தது: "பிள்ளைங்க குளிக்கிற எடத்துல ஹீட்டர் இருக்கு தம்பி. அது எதுக்கு விழுதுன்னு தெரியாம எடுக்க வேணாம்."

அது எதற்கு விழுகிறது? வீட்டுக்குள் ஃபேஸ் வழியே போகும் மின்னோட்டமும் நியூட்ரல் வழியே திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும். இவ்விரண்டையும் இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டிருப்பது டிரிப்பரின் பணி. வீடுகளில் பொருத்தப்படும் கருவி, வேறுபாடு 30 மில்லிஆம்பியரை எட்டினால் நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். குறைந்தது எங்கே போயிற்று? ஈரச்சுவர் வழியே போயிருக்கலாம். ஹீட்டரைத் தொட்ட ஒரு குழந்தையின் உடல் வழியேயும் போயிருக்கலாம். எம்.சி.பி. இருக்கிறதே என்று சிலர் வாதிடுவர். 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 30 மில்லிஆம்பியர் என்பது அதன் அளவில் 200இல் ஒரு பங்கு. அது அசைந்தும் கொடுக்காது. ஒயரைக் காப்பதற்கு எம்.சி.பி.; உயிரைக் காப்பதற்கு டிரிப்பர். நாம் நீக்கச் சொல்லவிருந்தது அந்தக் காவலனைத்தான்.

அடுத்த நாள் வந்தவர் வயதில் மூத்தவர். வந்ததும் ஸ்குரூ டிரைவரை எடுக்கவில்லை, கேள்விகளை எடுத்தார். எப்போதெல்லாம் விழுகிறது, எதைப் போட்டால் விழுகிறது, மழைக்கு முன் எப்படி இருந்தது என்று விசாரித்தார். பிறகு, "மோட்டார் மேல பழி போடாதீங்க சார். ரெண்டு வேற வேற சாமான் போட்டா விழுதுன்னா ரெண்டும் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்லை. நியூட்ரல் எங்கேயோ எர்த்தைத் தொடுது" என்றார்.

அறைக்கு அறை எம்.சி.பி.யை அணைத்து நாமும் தேடித்தான் பார்த்திருந்தோம். எதை அணைத்தாலும் மோட்டாரைப் போட்டால் விழுந்தது. காரணத்தை அவர் சொன்னார். நம் வீட்டு எம்.சி.பி.க்கள் ஃபேஸை மட்டுமே துண்டிப்பவை. நியூட்ரல்கள் எல்லாம் ஒரே லிங்க்கில் இணைந்தபடியே இருக்கும். மோட்டார் ஓடும்போது நியூட்ரலில் திரும்பும் ஓட்டம் மிகும். அதில் ஒரு பங்கு பழுதான இடத்தின் வழியே எர்த்துக்கு நழுவும். டிரிப்பருக்குக் கணக்கு உதைக்கும்.

மெயினை அணைத்து, பிளக்குகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, லிங்க்கிலிருந்து நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, 500 வோல்ட் மெக்கரை வைத்து எர்த்துக்கும் அவற்றுக்கும் இடையிலான தடையை அளந்தார். குறைந்தது 1 மெகாஓமாவது காட்ட வேண்டும். மற்றவை தேறின, கூடத்து ஒயரில் முள் சுழியத்தருகே படுத்துவிட்டது. அந்த வழியின் நடுவிலிருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து ஒயரை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதி நிரபராதி. மற்றப் பாதியை மீண்டும் பிரித்தார். இறுதியில் இரண்டு பெட்டிகளுக்கு இடையே பத்தடிச் சுவர் மிஞ்சியது. அதன் நடுவில் ஓர் ஆணி. ஆணியில் நம் பட்டமளிப்பு விழாப் படம்.

ஈராண்டுக்கு முன் நாமே அடித்த ஆணி. அது குழாயைத் துளைத்து, நியூட்ரலின் உறையைக் கிழித்து, எர்த் ஒயரையும் உரசி நின்றிருக்கிறது. கோடையில் ஒளிந்திருந்ததை ஈரம் காட்டிக்கொடுத்தது. அதே குழாயில் ஃபேஸும் செல்கிறது. "ஒரு நூல் தள்ளிப் பட்டிருந்தா இந்த ஆணியே கரண்டா இருந்திருக்கும்" என்றார் அவர். ஒட்டுப்போட மறுத்துவிட்டார், குழாய்க்குள் ஒட்டு இருக்கக் கூடாதாம். பெட்டிக்குப் பெட்டி புது ஒயர் இழுத்து, மீண்டும் அளந்து, மின்சாரம் கொடுத்தபின் டிரிப்பரின் டெஸ்ட் பொத்தானை அழுத்தி அது விழுவதையும் உறுதி செய்துகொண்டார்.

தேடியது இரண்டரை மணி நேரம். சரிசெய்தது அரைமணி நேரம். அவர் கேட்ட தொகையைக் கேட்டதும், 'மூன்று துண்டு ஒயருக்கா இவ்வளவு?' என்ற எண்ணம் நமக்கும் எழுந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எண்ணிப் பார்க்க, வெட்கமாக இருந்தது. ஒரு பாடபேதத்தைத் தீர்க்க ஏடு ஏடாக ஒப்பிட்டவர்களை வகுப்பில் வாய்மணக்கப் புகழ்கிறோம். அதே பொறுமையோடு நம் சுவரை ஒருவர் வாசித்தால் ஒயர்க் கணக்குப் பார்க்கிறோம்.

'டைரக்டா' கொடுக்க முன்வந்த இளைஞரைக் குறைசொல்வது எளிது. ஆனால் தேடும் நேரத்துக்கு எந்த வீட்டிலும் கூலி கிடைக்காது என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாமல்லவா? ஐந்து நிமிடத்தில் முடியவேண்டும் என்று நெருக்கினால், ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைதான் கிடைக்கும்.

ஆகவே வீட்டுக்கு மின்பணியாளரை அழைக்கும்போதே, கண்டுபிடிக்கும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி பேசுவோம். வீடு கட்டுவோர் பூச்சுக்கு முன்பே குழாய்கள் செல்லும் வழியைப் படமெடுத்துப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளட்டும். காரணம் தெரியும்வரை டிரிப்பர்மேல் யாரும் கைவைக்க விடவேண்டாம்.

பட்டமளிப்புப் படம் இப்போது புத்தக அலமாரியின்மேல் சாய்ந்து நிற்கிறது. அதற்கு ஆணி தேவைப்படவில்லை.