ஓட்டம் தானா வரும்; பந்து பிடிக்க யார் சொல்லிக்கொடுப்பது?

"வளர வளர எல்லாம் தானா வந்துடும்." குழந்தை பந்தைப் பிடிக்கத் தடுமாறினால் நம் வீடுகளில் வழக்கமாக வரும் பதில் இது. தவழ்வது, நிற்பது, நடப்பது வரைக்கும் இது பெரும்பாலும் சரி. ஆனால் எறிவது, பிடிப்பது, உதைப்பது, நொண்டியடிப்பது எல்லாம் வயது ஏறுவதாலேயே முழுமையாக வந்துவிடாது. யாராவது செய்து காட்டணும், குழந்தை திரும்பத் திரும்பப் பழகணும். அந்த 'யாராவது' யார் என்பதில்தான் சிக்கல்.

எவை அடிப்படை இயக்கத் திறன்கள்?

மூன்று வகை. ஓடுதல், குதித்தல், நொண்டியடித்தல் போன்று இடம்விட்டு நகர்வது ஒன்று. எறிதல், பிடித்தல், உதைத்தல் போன்று பொருளைக் கையாள்வது இரண்டாவது. ஒற்றைக்காலில் நிற்பது, உடலைத் திருப்புவது போன்ற சமநிலை மூன்றாவது.

கிரிக்கெட்டில் பவுண்டரியிலிருந்து வரும் த்ரோ, பேட்மின்டன் ஸ்மாஷ், வாலிபால் சர்வ் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஏறக்குறைய ஒரே அசைவு: தோளுக்கு மேலே கையை வீசி எறிவது. அது சரியா வரலைன்னா மூன்றுமே கஷ்டம்.

சின்ன வயதில் விட்டுப்போனால் என்ன?

அடிப்படை வராத குழந்தை பிற்பாடு விளையாட்டுகளுக்குள் நுழைய முடியாமல் ஒரு தடையில் நின்றுவிடும் என்று 1980-ல் சொன்னவர் அமெரிக்க ஆய்வாளர் வெர்ன் சீஃபெல்ட். நம் தெருவிலேயே இதைப் பார்க்கலாம். பந்து பிடிக்க வராத பிள்ளையை டீமில் சேர்ப்பதில்லை. சேர்க்காததால் பழக்கம் கிடைப்பதில்லை. கொஞ்ச நாளில், "எனக்கு விளையாட்டே பிடிக்காது" என்று அந்தப் பிள்ளையே சொல்லிவிடும்.

எறிதல், பிடித்தலில் பெண் குழந்தைகள் பின்தங்குவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. பந்தும் மட்டையும் முதலில் யார் கைக்குப் போகிறது என்பதும் இதற்கு ஒரு காரணம். 2024-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வின்படி, இந்தியாவில் வயதுவந்த பெண்களில் சுமார் 57 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 42 சதவீதம் பேருக்கும் போதிய உடலியக்கம் இல்லை. இதற்குக் காரணங்கள் பல. ஆனால் விளையாடவே தெரியாமல் வளர்ந்தவர், 30 வயதில் ஆசையாக மைதானத்துக்குப் போவது அபூர்வம்.

அரசுத் திட்டங்களில் என்ன இருக்கிறது?

காகிதத்தில் குறையில்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரை ஒரே அடிப்படை நிலையாக்கியது. 2022-ல் வந்த அதற்கான பாடத்திட்டச் சட்டகம் உடல் வளர்ச்சியைக் கற்றல் இலக்குகளில் ஒன்றாக வைத்தது. 2024-ல் அங்கன்வாடிகளுக்கு 'ஆதார்ஷிலா' பாடத்திட்டம் வந்தது. 5 முதல் 8 வயதினருக்கான கேலோ இந்தியா உடற்தகுதிச் சோதனையில் ஒற்றைக்கால் சமநிலையும் உண்டு.

சோதனை அளக்கும்; சொல்லிக்கொடுக்காது. உணவு, எடை பார்ப்பது, பதிவேடு என்று ஓடும் அங்கன்வாடி ஊழியரிடமே இந்த வேலையும் வந்து சேர்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் கேட்கிறது. ஆனால் அது 6 முதல் 14 வயதுக்கானது. அபார்ட்மென்ட் தரைத்தளத்தில் நடக்கும் ப்ளே ஸ்கூலை அது தொடுவதில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

3, 4 வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் மொத்தம் 180 நிமிடமாவது உடலை அசைக்கணும், அதில் 60 நிமிடம் நல்ல வேகத்தில் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குள் ஒரு பத்து நிமிடத்தைப் பழக்குவதற்கு ஒதுக்குங்கள்.

பிடிக்கப் பழக்க பெரிய, மெத்தென்ற பந்து எடுங்க. பக்கத்தில் நின்று மெதுவாகப் போடுங்க. வரவர தூரத்தைக் கூட்டுங்க, பந்தைச் சின்னதாக்குங்க. எறியும்போது வலது கையால் எறிந்தால் இடது கால் முன்னே வரணும். சுருட்டிய சாக்ஸே போதும், ஜன்னலும் உடையாது. பாண்டி, மகாராஷ்டிராவின் லங்டி, வடக்கில் பித்து என்றும் கர்நாடகாவில் லகோரி என்றும் சொல்லும் ஏழு கல் ஆட்டம் எல்லாமே இந்தத் திறன்களைத்தான் பழக்குகின்றன.

அடுத்த அட்மிஷன் சீசனில் ப்ளே ஸ்கூலில் ஏ, பி, சி எப்போ எழுதுவாங்க என்று கேட்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: "பந்து பிடிக்க யார் சொல்லித் தருவாங்க, தினமும் எவ்வளவு நேரம்?"