முகத்தை மூடினால் சட்டம், வண்டியை மூடினால் ஸ்டைலா?



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளையை ஸ்கூல் வேனில் அனுப்பும் உம்மா, வாப்பா, அம்மா, அப்பா எல்லோரும் கடைசி வரை வாசியுங்கள். அதன் பிறகு திட்டுவதாக இருந்தால் திட்டுங்கள்.

பதுளை டவுனில் பத்து நிமிஷம் நின்று ஓடுகிற வாகனங்களைப் பாருங்கள். கார், கெப், வேன், சில முச்சக்கர வண்டிகள் வரைக்கும் கறுப்பு. உள்ளே யார் இருக்கிறார், எத்தனை பேர் இருக்கிறார்கள், டிரைவர் ரோட்டைப் பார்க்கிறாரா போனைப் பார்க்கிறாரா, ஒன்றும் தெரியாது. இப்போது அது ஸ்கூல் வேனுக்கும் வந்துவிட்டது. பின்னால் பாடசாலை வேன் என்று போர்டு இருக்கும். உள்ளே இருப்பது பிள்ளைகளா மரக்கறி மூட்டையா என்று வெளியே நிற்பவனுக்குத் தெரியாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொதுவீதியில் ஓடும் வாகனத்தின் முன் கண்ணாடியிலும் முன் ஷட்டர்களிலும் கறுப்பு ஸ்டிக்கர் இருக்கக் கூடாது. பிள்ளைகளை ஏற்றும் வேனில் எந்தக் கண்ணாடியிலும் இருக்கக் கூடாது. இது அமைச்சருக்கும் சரி, முதலாளிக்கும் சரி, எங்கள் ஜமாஅத் தலைவருக்கும் சரி.

முதலில் ஒரு கணக்குக் கேட்கிறேன். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி நடந்த கொடுமைக்குப் பிறகு, ஏப்ரல் 29 முதல் அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகத்தை மூடுவது இந்த நாட்டில் தடை செய்யப்பட்டது. சொல்லப்பட்ட காரணம் என்ன? பொதுமக்கள் பாதுகாப்பு. ஆளை அடையாளம் காண வேண்டும். 2021 ஏப்ரலில் அதை நிரந்தரச் சட்டமாக்கும் யோசனைக்கு அமைச்சரவை அனுமதியும் கொடுத்தது. அதற்கு முன்னால், 2015 இல், முழுமுகத் தலைக்கவசத்தையும் தடை செய்யப் போவதாகப் பொலிஸார் அறிவித்தார்கள். அதற்கும் இதே காரணம்தான். மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைநிறுத்திய படியால் மோட்டார் சைக்கிள்காரர்கள் தப்பினார்கள்.

அந்தத் தடைகள் சரியா பிழையா என்று நான் இங்கே வாதாட வரவில்லை. நான் கேட்பது இதுதான்: ஒரு பெண்ணின் முகத்தில் இருக்கும் ஒரு முழத் துணி நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால், ஏழு பேரை உட்கார வைத்து நான்கு பக்கமும் கறுப்பால் மூடிக்கொண்டு ஓடும் வாகனம் எப்படி ஆபத்து இல்லாமல் போனது? துணி போட்டவள் பஸ்ஸில் போகிறாள். ஸ்டிக்கர் போட்டவர் பிராடோவில் போகிறார். எனக்குத் தெரிந்து வேறு வித்தியாசம் இல்லை.

இந்த நாட்டில் கறுப்புக் கண்ணாடிக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. "வெள்ளை வேன்" என்று சொன்னால் எந்தத் தாய்க்கும் அதன் கறுப்புக் கண்ணாடியும் சேர்ந்துதான் ஞாபகத்துக்கு வரும். 2008, 2009 காலத்தில் கொழும்பிலும் அதைச் சுற்றியும் கடத்தப்பட்டுக் காணாமல் போன 11 பேரின் வழக்கை மறக்க முடியுமா? அவர்களில் தமிழரும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். அந்தக் காலத்தில் வேன் ஒன்று வீட்டு வாசலில் நின்றால் உள்ளே யார் என்று தெரியாததுதான் மிகப் பெரிய பயம். அப்படிப் பயந்து வளர்ந்த நாமே இன்று காசு கொடுத்து அந்தக் கறுப்பை எங்கள் வண்டிக்கு வாங்கி ஒட்டுகிறோம். அதற்குப் பெயர் ஸ்டைல்.

சரி, அரசியலை விடுவோம். எங்கள் ரோட்டைப் பற்றிப் பேசுவோம்.

ஊவா ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், இங்கே சிக்னல் லைட்டை விடக் கையும் கண்ணும்தான் அதிகம் வேலை செய்யும். பசறை – லுணுகலை, எல்ல – வெல்லவாய, பண்டாரவளை – ஹப்புத்தளை, எந்த வளைவிலும் எதிரே பஸ் வந்தால் ஒருவர் நிற்க வேண்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் இடம் விடுவது மலைநாட்டு வழக்கம். யார் நிற்பது, யார் போவது என்பதை இரண்டு டிரைவர்களும் கையைக் காட்டி, தலையை ஆட்டித் தீர்த்துக்கொள்வார்கள். முன் கண்ணாடியில் கறுப்பு இருந்தால் அந்தக் கை தெரியாது. அவர் வரச் சொல்கிறாரா, நிற்கச் சொல்கிறாரா என்று ஊகிக்க வேண்டும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம் இருக்கும் இடத்தில் ஊகம் எவ்வளவு செலவு என்று எங்களுக்குத் தெரியாததா? 2021 மார்ச் 20 ஆம் திகதி பசறை 13 ஆம் கட்டையில் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ் பள்ளத்தில் விழுந்ததை மறந்துவிட்டோமா? 2025 செப்டம்பர் 4 ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய ரோட்டில் போன உயிர்களை மறந்துவிட்டோமா? அந்த விபத்துகளுக்கு டின்ட்தான் காரணம் என்று நான் சொல்லவே இல்லை. நான் சொல்வது, நாம் ஓட்டும் ரோடு அப்படிப்பட்டது. இந்த ரோட்டில் பார்வையைத் தானாகக் குறைத்துக்கொள்பவனை என்ன சொல்வது?

எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் பார்ப்போம். சாதாரண ஷட்டர் கண்ணாடியே வெளிச்சத்தில் ஏறக்குறைய 75 வீதத்தைத்தான் உள்ளே விடும். அதன் மேல் "35" என்று கடையில் சொல்லும் ஸ்டிக்கரை ஒட்டினால், 75 இல் 35 வீதம். மிச்சம் 26 வீதம். "20" ஒட்டினால் 15 வீதம். "5" ஒட்டினால் 4 வீதம் கூட இல்லை. பகல் வெயிலில் இது பெரிதாகத் தெரியாது, கண் சமாளித்துவிடும். மாலை ஆறு மணிக்கு, பெரகலைப் பக்கம் மூடுபனி இறங்கி, தூறலும் விழும்போது, கரையோரம் கறுப்புக் கம்பளி போட்டுக்கொண்டு நடந்து வருகிற தொழிலாளி அந்த 15 வீதத்துக்குள் தெரிவாரா?

எங்கள் ரோடுகளில் அநேக இடங்களில் நடைபாதை கிடையாது. தோட்டத்துப் பிள்ளைகள் லயத்திலிருந்து இறங்கிப் பெரிய ரோட்டோரமாகத்தான் பள்ளிக்கூடம் வருகிறார்கள். ரோட்டைக் கடக்கும்போது டிரைவரின் முகத்தைப் பார், அவர் உன்னைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகு கால் வை என்று நான் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறேன். முகமே இல்லாத வண்டிக்கு நான் என்ன பாடம் எடுப்பது?

அடுத்தது வெயில். "டீச்சர், சூடு தாங்க முடியல்ல" என்கிறார்கள். மஹியங்கனையில் சொன்னால் ஒரு நியாயம் இருக்கிறது. ஹப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1400 மீட்டருக்கு மேல். அங்கே ஸ்வெட்டரும் தொப்பியும் போட்டுக்கொண்டு சூட்டுக்கு டின்ட் அடித்தேன் என்றால் யார் நம்புவது? சூடு வேறு, கறுப்பு வேறு என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். சூரியனிலிருந்து வரும் சக்தியில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். மலிவான சாய ஸ்டிக்கர் வெளிச்சத்தைத்தான் நன்றாக வெட்டும். அகச்சிவப்பில் பெரும்பகுதியை விட்டுவிடும். தானும் சூடாகி அதில் ஒரு பங்கை உள்ளே தள்ளும். உண்மையாகவே சூட்டைத் தடுக்கும் தெளிவான ஃபிலிம் இருக்கிறது, அதில் உள்ளே ஆள் தெரியும், விலை கூட. நமக்கு வேண்டியது குளிர்ச்சி என்றால் அதையல்லவா வாங்க வேண்டும்? தோல் நோய் உள்ளவர்கள், வெயில் படக் கூடாதவர்கள் இருக்கிறார்கள். வைத்தியர் கடிதத்தோடு அவர்களுக்கு விலக்குக் கொடுக்கலாம், அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.

இனி எங்கள் ஆட்களின் வாதம். "வீட்டுப் பொம்புளைகள் இருக்கிறார்கள், பர்தாவுக்காகத்தான்." என் சகோதரர்களே, பர்தாவை நீங்கள் டொயோட்டாவுக்குப் போட வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் பெண் தனக்கு வேண்டியதை உடுத்தித்தான் இருக்கிறாள். சூரத்துந் நூரில் பார்வையைத் தாழ்த்தும் கட்டளை முதலில் வருவது ஆண்களுக்கு. பெண்களுக்கு அதற்கு அடுத்த வசனத்தில்தான். கண்ணாடிக்கு எங்கேயும் வரவில்லை. அதே நேரம் பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானோடு சேர்த்துச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நாம் பாதையில் ஓடும் இடையூறை உருவாக்கிவிட்டு அதற்கு மார்க்கத்தைக் காரணம் காட்டுகிறோம்.

அந்தரங்கம் என்று பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 10 க்கு 12 அடி லயக் காம்பராவில் மூன்று தலைமுறை சேர்ந்து படுக்கும் இந்த மாகாணத்தில், அரை மணி நேரக் கார்ப் பயணத்துக்கு அந்தரங்கம் கேட்பது கொஞ்சம் அதிகம். வீட்டில் திரை போடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். ரோடு எல்லோருக்கும் பொது.

பக்கத்து நாட்டைப் பாருங்கள். கொல்கத்தாவைச் சேர்ந்த அபிஷேக் கோயங்கா என்பவர் போட்ட பொதுநல வழக்கில், 2012 ஏப்ரல் 27 ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் வாகனக் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதையே தடை செய்தது. அவர்களுடைய விதிப்படி முன், பின் கண்ணாடிகள் 70 வீத வெளிச்சத்தையும் பக்கக் கண்ணாடிகள் 50 வீதத்தையும் விட வேண்டும். உயிராபத்து காரணமாக இசட், இசட் பிளஸ் பாதுகாப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. சென்னையிலும் பொலிஸார் வண்டிகளை மறித்து ஸ்டிக்கரை உரித்தார்கள். பிறகு விதி திருத்தப்பட்டது. 2024 இல் கேரள உயர் நீதிமன்றம், அந்த 70, 50 அளவுக்குள் இருந்தால் ஃபிலிம் ஒட்டலாம் என்று சொன்னது. அதுவும் நியாயம்தான். எவ்வளவு வெளிச்சம் போகிறது என்பதுதான் கேள்வி. இங்கிலாந்திலும் முன் கண்ணாடிக்கு 75 வீதம், முன் ஷட்டர்களுக்கு 70 வீதம்.

ஆனால் சட்டம் மட்டும் போதாது. அந்தத் தீர்ப்பு வந்து எட்டு மாதம் கூட ஆகவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 16 ஆம் திகதி டில்லியில் அந்த மாணவிக்குக் கொடுமை நடந்த பஸ், கறுப்புக் கண்ணாடியும் திரைச்சீலையும் போட்டுக்கொண்டுதான் தலைநகரின் ரோடுகளில் சுற்றியது. யாரும் நிறுத்தவில்லை. வெளியே போனவர்கள் யாருக்கும் உள்ளே நடந்தது தெரியவில்லை.

இதை வாசிக்கும்போது உங்கள் பிள்ளை போகும் வேனை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த ஒரு விஷயம், பிள்ளைகளோடு ஒரு பெரியவர் இருக்கும் அறைக்குள் வெளியே நிற்பவருக்குப் பார்க்க முடிய வேண்டும். அது ஆசிரியரைச் சந்தேகிப்பதற்காகச் சொன்னதல்ல. பிள்ளைக்கும் பாதுகாப்பு, ஆசிரியருக்கும் பாதுகாப்பு. பள்ளிக்கூடத்தில் கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறோம். பிறகு அதே பிள்ளையை, காலையும் மாலையும், உள்ளே ஒன்றும் தெரியாத வண்டியில் ஏற்றி அனுப்புகிறோம். பன்னிரண்டு பேர் உட்காரும் வேனில் இருபது பேரை அடைத்தாலும் தெரியாது. பின் சீட்டில் ஒரு சின்னப் பிள்ளை தூங்கிப் போய், டிரைவர் மறந்து பூட்டிவிட்டுப் போனால், பக்கத்தால் போகிறவர் கண்ணில் படாது. வேன் நானாமார் பெரும்பாலும் நல்லவர்கள், எனக்குத் தெரியும். நல்லவருக்குக் கண்ணாடி தெளிவாக இருப்பதில் என்ன கஷ்டம்?

பொலிஸாருக்கும் சொல்ல இருக்கிறது. 2025 ஜனவரியில் மேலதிகப் பொருத்துகளைக் கழற்றப் புறப்பட்டபோது முதலில் மாட்டியது யார்? பஸ்காரர்களும் முச்சக்கர வண்டிக்காரர்களும். கலர் லைட், ஸ்டிக்கர், அலங்காரம் எல்லாம் கழன்றது. தேவையில்லாத ஆபத்தான பொருத்தைக் கழற்றியது சரி. ஆனால் அந்தக் கை ஏன் கறுப்புக் கண்ணாடி ஜீப்பிடம் வரும்போது சல்யூட் அடிக்கிறது? வெளிச்சத்தை அளக்க ஒரு சின்ன மீட்டர் போதும், கண்ணாடியின் இரண்டு பக்கமும் வைத்தால் எண் வரும். முகம் பார்த்துத் தீர்மானிக்கத் தேவையில்லை.

நான் கேட்பது மூன்று விஷயம்.

ஒன்று, பெற்றோர் வேன்காரரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: அடுத்த மாதக் காசு கொடுக்கும்போது ஸ்டிக்கர் உரித்திருக்க வேண்டும். ஒருவர் சொன்னால் கேட்க மாட்டார், பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் அன்றைக்கே உரிப்பார்.

இரண்டு, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். பள்ளிக்கூட வாசலுக்கு வரும் வேன் தெளிவான கண்ணாடியோடு வர வேண்டும் என்று ஒரு தீர்மானம் எடுங்கள். அதற்குப் பாராளுமன்றம் தேவையில்லை.

மூன்று, சொந்தமாகக் கார் வைத்திருப்பவர்கள், குறிப்பாக என் சக ஆசிரியர்கள், முன் ஷட்டரில் இருப்பதை நாமே முதலில் உரிப்போம். டியூஷன் வகுப்புக்குக் கறுப்புக் காரில் வந்து இறங்கிவிட்டு வீதி ஒழுங்கு பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளை சிரிக்கும்.

ஹெயார் டிரையர் ஒன்றும் பழைய அடையாள அட்டை ஒன்றும் இருந்தால் போதும், மூலையைச் சூடாக்கி மெதுவாக இழுத்தால் கழன்று வரும். பசை ஒட்டியிருந்தால் சவர்க்காரத் தண்ணீர் போட்டுத் துடையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை வேலை.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். ஆளைத் திட்டாமல் கருத்தைத் திட்டுங்கள். சரி என்று பட்டால் உங்கள் வகுப்புப் பெற்றோர் குரூப்பில் போடுங்கள்.