கடலுக்குப் போன நாய்



வலை பொத்திக்கொண்டிருந்த அம்மா ஒருவருக்கு, போர்த்துக்கல் மீனவர்களின் நாயைப் பற்றிச் சொன்னேன்.

"வள்ளத்தில நாயோ பிள்ளை?" என்று சிரித்தார்.

"ஓமம்மா, அல்கார்வே கரையில் கொண்டு போவார்களாம். தவறி விழுந்த கயிற்றை, வலையை நீந்திப்போய்க் கவ்வி வரும். மீனை வலைப்பக்கம் விரட்டும். ஒரு வள்ளத்திலிருந்து மற்றதற்குச் செய்தியும் கொண்டுபோகும்."

அதன் உடலும் அந்தத் தொழிலுக்கேற்றதே. கால்விரல்களுக்கிடையே சவ்வு, அடி தடித்த வால் சுக்கான்போல உதவும். ஆண் நாய் 50 முதல் 57 ச.மீ. உயரமும், 19 முதல் 25 கிலோ நிறையும் இருக்கும். உரோமம் ஒரே படை, அதிகம் உதிராது. நீந்தும்போது கால்கள் இலகுவாக அசைவதற்காகப் பின்பாதியை மழித்துவிடுவார்கள். முன்பாதியில் விடும் உரோமம் நெஞ்சைக் குளிரிலிருந்து காக்கும்.

கடற்றொழில் மாறியதும் நாய்க்கு வேலையில்லை. 1930களில் மிகச் சிலவே எஞ்சின. வாஸ்கோ பென்சௌடே என்ற கப்பல் முதலாளி அவற்றைத் தேடி வளர்த்ததால் இனம் தப்பியது.

"வேலை தெரிஞ்சாப் போதாது பிள்ளை, ஆராவது தேடியும் வரவேணும்" என்றார் அம்மா.

கணவரை இழந்தபின் அந்த வலைதான் அவருக்குச் சோறு. அவருடைய கூலி எவ்வளவென்று நான் அதுவரை கேட்டதில்லை. அன்று கேட்டேன்.