விலக்கப்பட்டோரின் பேனா

புனே நகரின் குல்டேக்டி இன்று பெரும் காய்கறிச் சந்தை இயங்கும் பகுதி. பேஷ்வாக்களின் ஆட்சியில், உடற்பயிற்சிக் கூடத்தின் முன்னால் நடந்துபோன குற்றத்திற்காக மாங், மகர் மக்களின் தலைகள் வெட்டப்பட்டு அங்கே பந்தாக ஆடப்பட்டன என்று 1855ஆம் ஆண்டில் ஒரு சிறுமி எழுதினார். மாங் சாதியில் பிறந்த முக்தாபாய் சால்வே, ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாய் பூலேயும் புனேயில் நடத்திய பள்ளியின் மாணவி. கூரையில்லாமல் மழையில் பிள்ளை பெறும் மாங் பெண்களின் துயரத்தையும் அவர் எழுதினார். 'ஞானோதயா' இதழ் வெளியிட்ட அந்த ஒரே கட்டுரையைத் தவிர அவருடைய எழுத்து எதுவும் இன்று கிடைக்கவில்லை.

அதே மாங் சாதியில், இன்றைய சாங்லி மாவட்டத்தின் வாட்டேகாவ் கிராமத்தில், 1920இல் பிறந்தவர் அண்ணாபாவ் சாத்தே. ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட அந்தச் சமூகத்தை ஆங்கிலேய அரசு குற்றப்பரம்பரைப் பட்டியலிலும் சேர்த்திருந்தது. பள்ளியில் அவரால் நிலைக்க இயலவில்லை. பம்பாய்த் தொழிலாளர்களின் நடுவிலும் கம்யூனிஸ்ட் இயக்கத்திலுமே அவர் எழுத்தாளராக உருவானார். 1944இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் சேர்ந்து செங்கொடிக் கலைக்குழுவை அமைத்தார்.

ஒதுக்கப்பட்ட வாழ்வு அவருடைய புனைகதைக்கு இரண்டைத் தந்தது. ஒன்று, குரல். ஏடு மறுக்கப்பட்ட மக்களிடம் பறையும் பாட்டும் கதையும் இருந்தன. அவற்றின் வேகமே அவரது உரைநடையின் வேகம். மற்றொன்று, பார்வை. 1959இல் வெளிவந்த 'ஃபகீரா' நாவலின் நாயகன் இரக்கம் கோரி நிற்பவன் அல்லன். பட்டினியால் வாடும் தன் மக்களுக்காகத் தானியத்தைக் கொள்ளையிடும் மாங் வீரன். அரசின் பதிவேட்டில் குற்றவாளியாக இருந்தவன் நாவலில் போராளியாக எழுந்தான். அந்நூலை அம்பேத்கரின் பேனாவுக்குக் காணிக்கையாக்கினார் இந்தக் கம்யூனிஸ்ட். அவரைச் செங்கொடிக்கும் நீலக்கொடிக்கும் இடையே கூறுபோட முனைவோர் இதைக் கருத வேண்டும்.

ஆயினும் ஒடுக்குமுறை தானாக எழுத்தாளரை உருவாக்குவதில்லை. அது உருவாக்குவது மௌனத்தை. அந்த மௌனத்தை உடைப்பது இயக்கம். பூலேயின் பள்ளி இல்லையேல் முக்தாபாய் இல்லை. தொழிலாளர் இயக்கம் இல்லையேல் அண்ணாபாவ் இல்லை. நிறவெறி ஆட்சியின் கீழ் கேப் டவுனைப் புனைகதையாக்கிய கம்யூனிஸ்ட் அலெக்ஸ் லா கூமாவும், யாழ்ப்பாணத்தில் தீண்டாமைக்கு எதிரான போராட்டங்களில் பங்கேற்று 'பஞ்சமர்' நாவலைப் படைத்த கே. டானியலும் இதற்கே சான்று.

இயக்கமும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது உண்டு. அண்ணாபாவ் 1969இல் வறுமையில் மறைந்தார். மேடைகளில் அவர் பாடல்களுக்குக் கைதட்டிய இடதுசாரி அணிகளில் எத்தனை பேர் அவர் நாவல்களைப் படித்தனர்? தமிழ்நாட்டுக் கிளைகளில் டானியலைப் படித்தவர்கள் எத்தனை பேர்? சாதியை மேல்கட்டுமானச் சிக்கல் என்று ஒரு சொல்லில் ஒதுக்கும் பழக்கம் முற்றாக நீங்கிவிட்டதா?

2008ஆம் ஆண்டு மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி, போராட்டத்தின் விளைவாக இடிக்கப்பட்டது. சுவரை இடிப்பதோடு பணி முடிவதில்லை. அதற்கு அப்பால் பிறந்த குழந்தையின் கையில் பேனாவைக் கொடுப்பதும், அக்குழந்தை எழுதப்போவது கட்சிக்கே உறுத்தலாக இருப்பினும் அதைப் படிப்பதும் தோழர்களின் கடமை. முக்தாபாயின் இரண்டாவது கட்டுரை வரலாற்றுக்குக் கிடைக்கவில்லை. இனியொரு குழந்தைக்கு அந்த இழப்பு நேரக் கூடாது.