விளையாட்டில் கள்ளப் பொன்!

"டயப்லோ 3" என்பது இணையத்தில் ஆடும் ஒரு விளையாட்டு. அரக்கர்களைக் கொன்றால் பொன் கிடைக்கும். அந்தப் பொன்னை, விளையாட்டின் ஏலச் சந்தையில் நிஜப் பணத்துக்கே விற்க முடிந்தது!

2013 மே மாதம் அந்தச் சந்தையில் ஒரு ஓட்டை! ஏலத்துக்கு வைத்த பொன்னைத் திரும்ப எடுத்தால், வைத்ததைவிட அதிகமாக வந்தது. 415 பேர் அள்ளினார்கள்.

"விளையாட்டுப் பொன்தானே! யாருக்கு நஷ்டம்?" என்று கேட்கலாம்.

கள்ள நோட்டு பெருகினால் நல்ல நோட்டுக்கு மதிப்புக் குறையும். இதுவும் அப்படித்தான். கண் விழித்து ஆடிச் சேர்த்தவனுக்குத்தான் நஷ்டம்.

பிளிசார்ட் கம்பெனி உடனே சந்தையை நிறுத்தியது. கணக்குகளைச் சோதித்து, கள்ளப் பொன்னில் 85 சதவீதத்துக்கு மேல் மீட்டது. நேர்மையாக ஆடியவர்களின் சேமிப்பில் கை வைக்கவில்லை.

அதுவே நியாயம். கள்ளனைப் பிடிக்க வேண்டும். அதற்காக ஊரைத் தண்டிக்கக் கூடாது.

பெற்றோர்களே, பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: விளையாட்டில் திருடினாலும் திருட்டு திருட்டுதான்!